நொச்சி தனித்திணையோ?

மதில் வளைத்தலை உழிஞை என்றும், மதில் காத்தலை நொச்சி என்றும் இரு திணையாக்கினார் புறப்பொருள் வெண்பாமாலை ஆசிரியர் ஐயனாரிதனார். தொல்காப்பியரோ இரண்டையும் உழிஞையுள் அடக்கி, நொச்சியை ஒரு துறையளவில் நிறுத்தினார். பின்னோர் பாகுபாடே தெளிவுடைத்து என்பார் பலர். மாணாக்கர் மனங்கொள்ள அஃது எளிதே. நடந்த போருக்கு ஒவ்வுமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

சான்றுக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டா. கீழப்பாவூர்க்கு வடக்கே வாசுதேவநல்லூர் மண்கோட்டையை 1759-இல் யூசுபுகான் முற்றினான். படை மதிலேறும் வேளையில் புலித்தேவர் வீரர் வெளியினின்று பாசறையைத் தாக்க, முற்றியவன் தன் பாசறையைக் காக்கத் திரும்பினான். அந்நிலையில் அவன் உழிஞையானோ, நொச்சியானோ?

பாஞ்சாலங்குறிச்சி இதனினும் விளக்கமான சான்று. 1799-க்குப்பின் இடிக்கப்பெற்ற அக்கோட்டையை, 1801 பிப்பிரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிய ஊமைத்துரை சின்னாளில் மீண்டும் எழுப்பினார். மண்மதில் குண்டுபட்டுக் கல்மதில்போற் பிளந்து சிதறுவதில்லை. குண்டு அதனுட் புதையும். இடிந்தவழியும், உடைப்பில் நெடிய ஈட்டி ஏந்தி நின்றோர் உட்புகவிடவில்லை. மார்ச்சு 31-இல் மெக்காலே நடத்திய தாக்குதல் முறிந்தது. மே 24-இல் அக்னியூவின் படை கோட்டையைக் கொள்ளும் வரை 54 நாள், வெளியிலிருந்தோர் துணைப்படையும் பெரும் பீரங்கியும் எதிர்நோக்கித் தம் பாசறையைக் காத்துக் கிடந்தனர்; உள்ளிருந்தோர் வெளிப்போந்து தாக்கினர். 1914 இறுதி முதல் பிரான்சிலும் பெல்சியத்திலும் இரு படையும் பதுங்குகுழி வெட்டி எதிரெதிர் அமர்ந்தபோது இக்கலப்பு முழுமை எய்தியது. ஆங்கு அகத்தோன் யார், புறத்தோன் யார்?

பறம்பைப் பாடும் புறநானூற்று 109-ஆம் பாட்டிற்கு நொச்சி என்னும் திணைக்குறிப்பு பொருந்துகின்றது; மூவேந்தர் முற்றிய மலையின் உள்வளமே அதன் பொருளாதலின். 45-ஆம் பாட்டின் நிலை வேறு. உறையூரை நலங்கிள்ளி முற்றியிருப்ப, நெடுங்கிள்ளி அடைத்திருப்ப, கோவூர்கிழார் இருவரையும் ஒருங்கே விளித்து, எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடியே என்கின்றார். முற்றுகைப் பாட்டாகிய அதற்கு நொச்சியும் இன்றி உழிஞையும் இன்றி, 'வஞ்சி, துணைவஞ்சி' எனக் குறித்துள்ளனர். சந்து செய்தல் கருதி அங்ஙனம் கொண்டனர் போலும். எனினும் மதிலின் இருபுறத்தையும் ஒரு பாட்டுட் கண்ட புலவர்க்குப் பொருந்தும் இடம் தொல்காப்பியரின் உழிஞையே என்பது எம் துணிபு.