பணிமேடையும் பொதுவெளியும்: இணையத்தளப் பதிப்பு முறை பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

ஏட்டுச்சுவடியிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து இணையத்துக்கும் தமிழ் எழுத்துப் பெயர்ந்த வரலாற்றை ஆராய்வோர் ஊடகத்தின் மாற்றத்தையே பெரிதும் எடுத்துரைப்பர். ஊடகம் மாறுந்தோறும் பதிப்பிப்போனுடைய பொறுப்பு எவ்வாறு மாறுகின்றது என்னும் வினா அத்துணை விரிவாக எழுப்பப்படுவதில்லை. இணையத்தளம் ஒன்றைத் திருத்துவதும் புதுப்பிப்பதும் தொழில்நுட்பவியலாளரின் வேலை, இலக்கிய மாணவனுக்கு அதில் யாதுமில்லை என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். ஆயின், பலர் படிக்கும் பாடமொன்றை மாற்றுவது எவ்வகையில் நிகழினும் அது பதிப்புச் செயலே. பதிப்புச் செயலாயின் அது திறனாய்வுக்கும் உட்பட்டதே. இக்கட்டுரை அந்நோக்கில் எழுந்ததாகும்.

1. அச்சுமரபு வகுத்த நெறி

சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் வெளியிட்டார். உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை வெளியிட்டார். இப்பதிப்புக்களின் பின்னணியில் இருந்த உழைப்பை நாம் நன்கறிவோம். பல ஏட்டுப் பிரதிகள் ஒப்புநோக்கப்பட்டன, பாடம் துணியப்பட்டது, அச்சுக்கோத்த படிகள் திருத்தப்பட்டன, அதன் பின்னரே நூல் படிப்போர் கையை அடைந்தது. அச்சேறிய பின் கண்ட பிழை, பிழைதிருத்தம் என்ற தலைப்பின்கீழ் இறுதிப் பக்கத்தில் இடம்பெற்றது. அல்லது அடுத்த பதிப்பில் திருத்தப்பட்டது. அப்போதும் முதற்பதிப்பு அழிந்துபோகவில்லை.

இம்முறையினின்று மூன்று நெறிகளைப் பிரித்தறியலாம். பதிப்பாசிரியன் வேலை செய்யும் இடமும் வாசகன் படிக்கும் இடமும் வேறுவேறானவை என்பது முதலாவது. செய்த மாற்றம் தடயம் விட்டுச்செல்ல வேண்டும் என்பது இரண்டாவது. மாற்றத்துக்கு முந்திய நிலை அழியாதிருக்க வேண்டும் என்பது மூன்றாவது. இவற்றை எவரும் சட்டமாக இயற்றவில்லை. ஈயவெழுத்தும் காகிதமும் தம் இயல்பினாலேயே இவற்றைக் காத்து நின்றன.

இணையத்தளம் இம்மூன்றையும் ஒருங்கே தளர்த்திவிட்டது. வாசகன் படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தையே பதிப்பிப்போன் அக்கணத்தில் மாற்றலாம். மாற்றியமைக்கு அடையாளம் இல்லாதிருக்கலாம். பழைய வடிவம் அப்போதே மறைந்துபோகலாம். ஊடகம் இயல்பாகக் காத்த நெறிகளை இனி மனிதன் முயன்று காக்கவேண்டும்.

2. மேலேறுவனவும் கீழிறங்குவனவும்

இத்துறையில் தேர்ந்தோர் பொதுவாக மூன்று இடங்களை வகுப்பர். மாற்றங்களைச் செய்து பார்க்கும் ஆக்கத்தளம் ஒன்று. செய்தவற்றை மெய்யான நிலைமைக்கு ஒப்பச் சோதிக்கும் ஒத்திகைத்தளம் மற்றொன்று. பொதுமக்கள் காணும் வெளியீட்டுத்தளம் மூன்றாவது. நாடகத்துக்கு எழுத்துப்படி, ஒத்திகை, அரங்கேற்றம் எவ்வாறோ அவ்வாறே இவையுமாம். முதல் நெறியாகிய இடப்பிரிவு இதனால் மீட்கப்படுகின்றது என்று தோன்றும்.

ஆயின் இங்கு ஒரு நுட்பம் உளது. இணையத்தளம் என்பது ஒரே பொருளன்று. பக்கத்தின் தோற்றத்தையும் இயக்கத்தையும் தீர்மானிக்கும் மென்பொருள் ஒரு கூறு. தரவுத்தளத்தில் உறையும் கட்டுரை, பெயர், திகதி முதலான உள்ளடக்கம் மற்றொரு கூறு. ஏற்றப்பட்ட நிழற்படங்களும் கோப்புக்களும் மூன்றாவது கூறு. இவற்றுள் மென்பொருள் ஆக்கத்தளத்திற் பிறந்து ஒத்திகைத்தளத்தினூடாக வெளியீட்டுத்தளத்துக்கு ஏறுவது. உள்ளடக்கமோ பெரும்பாலும் வெளியீட்டுத்தளத்திலேயே, எழுதுவோர் கையால், நாள்தோறும் பிறப்பது. எனவே அது சோதனையின்பொருட்டு ஆக்கத்தளத்துக்கு இறங்கலாமேயன்றி, அங்கிருந்து மீண்டும் ஏறி வெளியீட்டுத்தளத்தில் உள்ளதை மூடக்கூடாது. இத்திசை வேறுபாட்டை உணராது தளம் முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்குவதே பெரும் இழப்புக்களின் மூலகாரணம். இடங்களைப் பிரித்தல் மட்டும் பாதுகாப்பாகாது. எது எத்திசையிற் செல்லவேண்டும் என்னும் தெளிவின்றிப் பிரித்தல் புதியதோர் ஆபத்தாகும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

3. உடையார்கட்டுத் தளத்தின் அனுபவம்

இவ்வாதத்துக்கு ஆதாரமாக யான் அருகிருந்து அறிந்த ஒன்றைக் கூறுவது பொருந்தும். உடையார்கட்டு, முல்லைத்தீவு மாவட்டத்தில் பரந்தன் – முல்லைத்தீவு வீதியை அண்டி, குளத்தையும் வயலையும் நம்பி வாழும் ஊர். 2009ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களிற் போர் அவ்வூரினூடாகச் சென்றது. மக்கள் இடம்பெயர்ந்தனர். உறுதிகள், பாடசாலைச் சான்றிதழ்கள், குடும்பப் படங்கள் எனக் காகிதத்தில் இருந்தவற்றுள் மிகப்பல திரும்பிவரவில்லை. மீளக் குடியேறிய பின்னர், ஊரவர் சிலர் முதியோரின் நினைவுகளைச் சேகரித்துச் சிறியதோர் இணையத்தளத்தில் இட்டு வந்தனர். வயற்காணிகளின் பழம்பெயர்கள், குளக்கட்டு உடைத்த ஆண்டுகள், வட்டவிதானையாராக இருந்தோர் பெயர்கள், கோயிற் பொங்கலின் முறைகள் ஆகியவை அதில் இடம்பெற்றன. வேறெந்த ஏட்டிலும் இல்லாத செய்திகள் அவை.

தளத்தின் தோற்றத்தைப் புதுப்பிக்க வெளிநாட்டில் வாழும் இளைஞர் ஒருவர் முன்வந்தார். அவர் ஐப்பசி மாதத்தில் தளத்தின் முழுப்பிரதியைத் தம் கணினிக்கு எடுத்து, அதிலே பொறுமையுடன் வேலை செய்தார். வாசகர் காணும் பக்கத்தை ஒருநாளும் தொடவில்லை. தை மாதத்தில் வேலை முடிந்தது. முடிந்ததை அப்படியே, தரவுத்தளத்தையும் சேர்த்து, பழைய தளத்தின்மீது ஏற்றினார். அழகிய புதிய தளம் தோன்றியது. ஆனால் மாரிகால இரவுகளில் ஊரிலுள்ளோர் எழுதிச் சேர்த்தவை யாவும் மறைந்தன. தளத்திலிருந்தது மீண்டும் ஐப்பசி மாதமே.

காப்புப்பிரதி இல்லாமலில்லை. அது அதே வழங்கியில், கடைசி ஏழு நாட்களுக்குரியதாக மட்டும், தானாகவே எடுக்கப்பட்டு வந்தது. இழப்பு உணரப்பட்டதோ பத்தாம் நாளில். அப்போது அந்த ஏழு பிரதிகளும் இழப்புக்குப் பிந்தியனவாகவே இருந்தன. அப்பியாசக் கொப்பியில் முதலில் எழுதப்பட்டவை மீண்டும் தட்டச்சாயின. ஆனால் மூதாட்டி ஒருவர் சொல்லச் சொல்லக் கைப்பேசியிலேயே நேராக ஏற்றப்பட்ட பகுதிகள் மீளவில்லை. அவர் அந்த மார்கழியிலேயே காலமாகியிருந்தார்.

இதில் அவ்விளைஞரைக் குறைகூறுதல் எளிது, நியாயமன்று. பணிமேடையைப் பொதுவெளியினின்று பிரிக்கவேண்டும் என்னும் விதியை அவர் முழுமையாகக் கைக்கொண்டார். அவ்விதியைக் கைக்கொண்டமையாலேயே மூன்று மாத இடைவெளி தோன்றியது என்பது மனங்கொளத்தக்கது. தளத்தின் தோற்றம் அவருடைய ஆக்கம். அதிலிருந்த சொற்களோ ஊராருடையவை. இரண்டையும் ஒரே கையால் மாற்றும் உரிமை தமக்குண்டா என்ற வினாவே அவர் எழுப்பாது விட்டது.

வன்னி விவசாயிக்கு இவ்வொழுங்கு புதியதன்று. குளத்துநீர் துருசினூடாக வாய்க்காலுக்கும் வயலுக்கும் செல்லும்; வயல்நீர் குளத்துக்குத் திரும்புவதில்லை. நீர் திறக்கும் நாளும் அளவும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் யாவருமறியத் தீர்மானிக்கப்படும். துருசின் பொறுப்பாளர் தம் வேலை முடிந்ததென்று தாம் நினைத்த நாளில் அதனைத் திறப்பதில்லை. தளம் புதுப்பிக்கப்படும் நாளும் அவ்வாறே எழுதுவோர்க்கு முன்னறிவிக்கப்பட்டு, அப்பொழுதில் எழுத்து நிறுத்தப்பட்டிருப்பின் இழப்பு நேர்ந்திராது.

4. தமிழுக்கே உரிய இடர்

தமிழ்த் தளங்களை இடம்பெயர்ப்பதில் வேறொரு இடரும் உண்டு. பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டப்பட்ட தமிழ், கணினியின் உள்ளே உரோம எழுத்துக்களாகவே கிடப்பது. அவற்றில் ‘கெ’ என்பதன் கொம்பு முதலிலும் ககரம் பின்னரும் பதியப்படும். யுனிகோட் முறையிலோ ககரம் முதலிலும் கொம்பு பின்னரும் பதியப்படும். எனவே ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றுதல் படியெடுத்தல் அன்று, ஒழுங்கையே மாற்றியமைத்தலாகும். ‘ஸ்ரீ’ என்னும் எழுத்தை இருவேறு தொடர்களாற் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, தேடும் கணினிக்கு இரண்டும் வேறு.

பரவலாக வழங்கும் மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருள், 2018இல் வெளிவந்த 8.0ஆம் பதிப்பு வரை, வேறு கட்டளை இல்லாதவிடத்து மேலை ஐரோப்பிய எழுத்துக்களுக்குரிய குறிமுறையையே கைக்கொண்டது. ஆக்கத்தளத்தில் ஒரு குறிமுறையும் வெளியீட்டுத்தளத்தில் மற்றொன்றும் இருப்பின் இருவகைக் கேடு விளையலாம். எழுத்துக்கள் பொருளற்ற குறிகளாகத் தோன்றுவது ஒன்று. இதிற் பெரும்பாலும் மூலவுரு உள்ளே இருப்பதால் மீட்கலாம். ஒவ்வோரெழுத்தும் கேள்விக்குறியாக மாறிப் பதிவது மற்றொன்று. இதில் மூலமே அழிந்துவிடும். ஆங்கிலச் சொற்களைக்கொண்டு ஒத்திகை நடத்துவோருக்கு இவ்விரு கேடுகளும் புலப்படா. தமிழ்த் தளத்துக்குத் தமிழாலேயே, அதிலும் பழைய பதிவுகளாலேயே, ஒத்திகை நடத்தல் வேண்டும்.

1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இவ்வகையில் நல்ல முன்மாதிரி. பழைய குறிமுறையில் வெளியான நூல்களை யுனிகோட்டுக்குப் பெயர்த்தபோது, பழைய வடிவத்தை உடனே நீக்கிவிடாது இரண்டையும் அருகருகே வைத்திருந்தது. பாடபேதத்தை அடிக்குறிப்பிற் காத்த பதிப்பாசிரியரின் மனப்பாங்கே இது.

5. பெருநிறுவனமும் வரலாற்றுப் பதிவும்

வசதிக்குறைவே இவ்விழப்புக்களுக்குக் காரணம் என்பார் உளர். 2017 ஜனவரி 31இல் கிட்லாப் நிறுவனத்தில் நிகழ்ந்தது இக்கூற்றை மறுக்கும். துணைத் தரவுத்தளத்தை வெறுமையாக்க எண்ணிய பொறியியலாளர் ஒருவர், அதே கட்டளையை முதன்மைத் தரவுத்தளத்தில் இட்டுவிட்டார். ஏறத்தாழ ஆறு மணிநேரத் தரவுகள் இழக்கப்பட்டன. வைத்திருந்த ஐந்து காப்பு முறைகளுள் ஒன்றும் நம்பத்தக்கவாறு செயற்படவில்லை என்று நிறுவனமே வெளிப்படையாக எழுதியது. இறுதியிற் கைகொடுத்தது, ஒத்திகைத்தளத்துக்கென ஆறு மணிநேரத்துக்கு முன்னர் எடுக்கப்பட்டிருந்த ஒரு பிரதியாகும். உள்ளடக்கம் கீழிறங்கும் திசை இருந்தமையாலேயே அது மீண்டது. மீட்டுப் பார்த்திராத காப்புப்பிரதி வெறும் நம்பிக்கையே என்பதும் இதனாற் பெறப்படும்.

இதற்கு மறுதலையாக, 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகமும் கைக்கொள்ளும் மீடியாவிக்கி மென்பொருளை நோக்கலாம். அதில் ஒவ்வொரு திருத்தமும் திகதியுடனும் திருத்தியவர் அடையாளத்துடனும் தனிப்பதிவாக நிற்கும். முந்திய நிலைக்கு மீளலாம். அச்சுமரபின் இரண்டாம், மூன்றாம் நெறிகள் இங்குப் புத்துயிர் பெற்றுள்ளன. எனினும் இதனை அளவுகடந்து புகழ்தல் கூடாது. அவ்வரலாறும் அதே தரவுத்தளத்தினுள்ளேயே உறைகின்றது. தரவுத்தளம் மூடப்படின் பாடமும் பாடவரலாறும் சேர்ந்தே மறையும். விக்கிமீடியா தன் தரவுகளைக் காலத்துக்குக் காலம் முழுப்பிரதியாக எவரும் பெறுமாறு வெளியிடுதல் இதனாலேயே சிறப்புடைத்து.

6. முடிவாக

சிற்றூர்ச் சங்கங்களும் மாணவர் மன்றங்களும் பெருஞ்செலவு செய்ய இயலாதன. அவற்றுக்கும் இயலக்கூடியன சில உள. தோற்றத்தையும் மென்பொருளையும் மட்டும் மேலேற்றுதல். எழுத்தை ஒருபோதும் மேலேற்றி மூடாமை. மாற்றத்துக்கு முன் ஒரு பிரதியை வேறிடத்தில், வேறொருவர் பொறுப்பில் வைத்து, அதனை மீட்டும் பார்த்தல். மாற்றும் நாளை எழுதுவோர்க்கு அறிவித்தல். மாற்றிய பின் புதிய பதிவுகள் இருக்கின்றனவா என்று ஊரவர் ஒருவரே பார்த்து உறுதிசெய்தல். இறுதியிற் கூறியது தொழில்நுட்பவியலாளரால் இயலாதது. எது காணாமற்போயிற்று என்பதை எழுதியவரே அறிவார்.

யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவ்வழிவை நாம் மறக்கவில்லை. புகையை ஊரே கண்டது. உடையார்கட்டுத் தளத்தின் மூன்று மாதங்கள் அழிந்தபோது புகையில்லை, பகைவருமில்லை. நல்லெண்ணமுடைய ஒருவர், நல்ல விதியொன்றைக் கைக்கொண்டு, பத்து நாள் எவரும் அறியாவாறு அவற்றை இழந்தார். நினைவுகளை இனி இணையத்திலேயே சேமிக்கப்போகும் சமூகம் பதிப்பொழுக்கத்தை அங்கும் கொண்டுசெல்லல் வேண்டும். தமிழ் கற்போர் அதனைத் தம் கடமைகளுள் ஒன்றாகக் கொள்வாராக.