புல்லட்டுக்கு டைமிங்

ஸ்டாண்டில் நிற்கிற புல்லட்டின் சத்தத்தை வைத்து மெக்கானிக்கை எடை போடுகிறவர்கள்தான் அதிகம். அணைந்துவிடுமோ என்று பயப்படுகிற அளவுக்கு நிதானமாக 'டக்... டக்...' என்று அடித்தால் "என்ன கை!" என்று மெச்சுவார்கள். அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும். ஆனால் டைமிங்கை, அதாவது பொறி வரும் நேரத்தை, கொஞ்சம் ரிடார்டு பண்ணி (தாமதப்படுத்தி), கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகினாலே அது வந்துவிடும். பிரித்துக் கட்டி, கம்ப்ரஷனும் ஏற்றிய ஓர் இன்ஜினுக்கு டைமிங் வைத்தவரின் கை எப்படிப்பட்டது என்பது மேட்டில், டாப் கியரில்தான் தெரியும்.

நான் சொல்வது பாயிண்ட் வைத்த பழைய வார்ப்பிரும்பு இன்ஜினை. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் தயாரானாலும் அதன் அடிப்படை வடிவம் 1940களின் இறுதியில் இங்கிலாந்தில் போட்டது. அப்போது அங்கே கிடைத்த பூல் பெட்ரோலின் ஆக்டேன் எழுபதை ஒட்டித்தான் இருந்தது. அதற்கு 6.5-க்கு 1 என்ற கம்ப்ரஷனே சரியாக இருந்தது. இன்று பங்க்கில் பிடிக்கிற சாதாரண பெட்ரோலே 91-க்குக் குறையாது என்பதால், எட்டு, எட்டரை கம்ப்ரஷன் பிஸ்டன் போட்டுப் பார்க்க ஆசை வருவதில் தப்பில்லை.

தப்பு அதற்கப்புறம் நடக்கிறது. பவரை ஏற்றியாச்சு, டைமிங்கையும் அட்வான்ஸ் பண்ணிவிடலாம் என்று நினைக்கிறார்கள். விஷயம் நேர்மாறு. கலவை இறுகி, சூடேறி நிற்கும்போது தீ முன்பைவிட வேகமாகப் பரவும். அதனால் பொறி சற்றுத் தாமதித்தே வரலாம். முந்திக்கொண்டால், மேலே ஏறி வருகிற பிஸ்டனை அழுத்தம் எதிர்த்துத் தள்ளும். கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலில் வாங்கியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கம்பெனி கணக்கில், அட்வான்ஸ் வெயிட்டுகள் சுருங்கி நிற்கையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கும்போது பாயிண்ட் திறந்து பொறி வர வேண்டும். கிராங்க் சுற்றில் இது ஏறக்குறைய 10 டிகிரி. கம்ப்ரஷன் ஏற்றிய இன்ஜினுக்கு அதிலிருந்து ஓரிரு டிகிரி பின்வாங்கித் தொடங்குவதே என் கட்சி.

இதில் ரசிக்க வேண்டிய இடம் உச்சியைக் கண்டுபிடிப்பது. பிளக் ஓட்டை வழியாக ஸ்போக் கம்பியை விட்டு, "வந்துருச்சு" என்று சொல்லிவிடுவார்கள். ஓட்டையோ சாய்வாக இருக்கிறது, கம்பி காட்டுகிற அளவு ஸ்ட்ரோக்கின் அளவு ஆகாது. அதோடு, உச்சியிலிருந்து எந்தப் பக்கம் 5 டிகிரி திருப்பினாலும் பிஸ்டன் கால் மில்லிமீட்டர்கூட இறங்காது. கண்ணுக்கு அது அசையாமல்தான் நிற்கும். விவரமானவர் பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, அதில் போல்ட் மாட்டி ஒரு ஸ்டாப்பர் செய்து வைத்திருப்பார். கிராங்க் முனையில் டிகிரி தட்டு. பிஸ்டன் மெல்ல வந்து முட்டும்வரை ஒரு பக்கம் திருப்பிக் குறித்துக்கொள்வார், பிறகு மறுபக்கம். இரண்டுக்கும் நட்டநடுவே உச்சி. கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்தானா என்பதற்குப் புஷ்ராடு இரண்டையும் விரலால் சுழற்றிப் பார்த்தால் போதும்.

அடுத்தது பாயிண்ட். முதலில் கேப், பிறகுதான் டைமிங். கேப் கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், அட்வான்ஸ் ஏறிவிடும். வரிசை மாறினால் செய்ததெல்லாம் வீண். வண்டியை டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்கு உருட்டி, அப்புறம் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். டைமிங் கியர்களின் பல் இடுக்கில் இருக்கிற ப்ளே அப்போதுதான் ஒரே பக்கம் ஒதுங்கும். பாயிண்ட் கேம் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் இங்கே 1 டிகிரி பிசகினால் அங்கே 2 டிகிரி. திறக்கிற கணத்தைக் காட்ட டெஸ்ட் பல்ப் இருக்கிறது. ஹெட்லைட் மேலே இருக்கிற அம்மீட்டர் முள்ளும் நடுவுக்குத் திரும்பிக் காட்டும். என் ஓட்டு சிகரெட் சுற்றுகிற மெல்லிய தாளுக்கு. பாயிண்ட் நடுவே வைத்து லேசாக இழுத்துக்கொண்டே இருந்தால், பிடி தளரத் தொடங்குவதும் விரலுக்குத் தெரியும். பல்ப் அதைச் சொல்லாது. பிறகு பேஸ் பிளேட் ஸ்குரூவை இறுக்குகையில் பிளேட் நகர்ந்துவிடும் என்பதால் விவரமானவர் மறுபடியும் ஒருமுறை பார்ப்பார். பார்க்காதவரிடம் நான் வண்டி விடமாட்டேன்.

மிச்சம் ரோட்டில். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகள் வேண்டாம், ஒரு ரயில்வே மேம்பாலமே போதும். டாப் கியரில் வேகத்தை இறக்கி, ஆக்சிலரேட்டரைப் படிப்படியாகத் திறந்தால் உலோகச் சத்தமாக 'கிணிகிணி' என்று நாக்கிங் கேட்கக் கூடாது. கேட்டால் ஒரு மயிரிழை ரிடார்டு. நாக்கிங்கே இல்லை, ஆனால் வண்டி சோம்பலாக ஏறுகிறது, சைலன்சர் பெண்டு நீலம் பாய்கிறது என்றால் பின்வாங்கியது அதிகம். இரண்டுக்கும் நடுவே மேட்டை முனகாமல் இழுக்கிற ஓர் இடம் உண்டு. அங்கே ஐடிலிங் கொஞ்சம் துடிப்பாகவே இருக்கும், டீக்கடையில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

புதுப் பாயிண்டின் ஃபைபர் ஹீல் முதல் சில நூறு கிலோமீட்டரில் தேயும். கேப் குறையும், டைமிங் தானாகவே ரிடார்டு பக்கம் நகரும். அந்த நேரம் பார்த்துத்தான் வண்டிக்காரர் சந்தோஷமாக வருவார்: "அண்ணே, இப்பதான் சவுண்டு சூப்பரா செட் ஆயிருக்கு." மெக்கானிக் பதில் சொல்லாமல் ஃபீலர் கேஜைத் தேடுவார்.