அட்: லத்தீனின் குட்டி 'ஆனால்'

லத்தீனில் 'ஆனால்' பல உண்டு. 'செட்' முன் சொன்னதைத் திருத்தும். 'ஔதெம்' சாது, வாக்கியத்தின் தலையில் உட்காராது, முதல் சொல்லுக்கு வழிவிட்டுப் பின்னால் வரும். நம் 'அவளோ', 'ஊரோ' என்பவற்றில் ஓகாரம் செய்யும் வேலை ஏறக்குறைய இதுதான். 'தமென்' பிடிவாதக்காரன்: எல்லாம் சரி, இருந்தாலும்...

எனக்குப் பிடித்தது 'அட்'. ரோமானிய எழுத்தில் இரண்டே எழுத்து, காட்சியையே புரட்டிவிடும். எதிராளியின் ஆட்சேபத்தைத் தானே முந்திக்கொண்டு சொல்லும்போது ரோமானியப் பேச்சாளர் சிசரோ இதைத்தான் கையில் எடுப்பார்.

வர்ஜிலின் 'ஈனியட்' காவியத்தில் மூன்றாம் காண்டம், ஈனியஸ் தன் அலைச்சலைச் சொல்லி முடித்து ஓய்வதோடு நிற்கிறது. நான்காம் காண்டத்தின் முதல் சொல் 'அட்', அடுத்த சொல் அரசி. சொன்னவன் அடங்கிவிட்டான், கேட்ட அரசி டிடோவுக்கு அடங்கவில்லை. காண்டத்தையே இணைப்புச் சொல்லில் தொடங்க என்ன துணிச்சல்! அதே இரு சொற்கள் அங்கே இன்னும் இருமுறை அடியைத் தொடங்குகின்றன: 296-இல், அவன் கமுக்கமாகக் கிளம்புவதை அவள் மோப்பம் பிடிக்கும்போது, 504-இல், சிதை உயர்ந்து நிற்கும்போது.

இடையே, 393-இல், ஈனியஸுக்கும் ஓர் 'அட்' கிடைக்கிறது. மயங்கி விழுந்தவளைத் தேற்றத்தான் தவிக்கிறான். மூன்றே அடி தள்ளி 'தமென்' வந்துவிடுகிறது: தெய்வங்களின் கட்டளை, கப்பல்கள்.