நாடாளுமன்ற உறுப்பினரின் பணி: தென் சென்னையை முன்வைத்து

நந்தனம் தென் சென்னை மக்களவைத் தொகுதியில் உள்ளது. 1967இல் அண்ணா வென்ற தொகுதி இது. அவர் முதலமைச்சரான பின் நடந்த இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வென்றார். 1977, 1980 தேர்தல்களில் ஆர். வெங்கடராமன்.

இன்று வாக்காளர் கேட்பது ஒன்றே: "எம்.பி. நமக்கு என்ன கட்டித் தந்தார்?" தெருவிளக்கும் குப்பையும் மாநகராட்சியின் பொறுப்பு. நாடாளுமன்ற உறுப்பினரின் கடமை சட்டம் இயற்றுவது, வரவு செலவை ஆராய்வது, அரசைக் கேள்வி கேட்பது.

இக்குழப்பத்தை வளர்த்ததில் 1993இல் வந்த தொகுதி மேம்பாட்டு நிதிக்குப் பங்குண்டு. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். உறுப்பினர் பரிந்துரைக்க, மாவட்ட நிர்வாகம் நிறைவேற்றும். செலவைக் கண்காணிக்க வேண்டியவரே செலவில் பங்காளியாகிறார். இத்திட்டம் செல்லும் என 2010இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டப்படி செல்வது வேறு, முறையானது வேறு.

உறுப்பினரை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. 1985ஆம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகலாம். அவையில் குரல் சுருங்கியவருக்கு நிழற்குடையில் எழுதும் பெயரே அடையாளமாகிறது.

ஆனாலும் வழி அடைபடவில்லை. திருநங்கையர் உள்ளிட்ட மூன்றாம் பாலினத்தவர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. அது சட்டமாகவில்லை, ஆயினும் 2019இல் அரசே இப்பொருளில் சட்டம் இயற்றியது.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள் மக்களவை இணையதளத்தில் உள்ளன. கல்வெட்டில் பெயரைத் தேடும் நாம் அவற்றையும் படித்தால், அடுத்த தேர்தலில் கேட்கும் கேள்வி மாறும்.