மீம் என்னும் புதிய அங்கதம்

நகைச்சுவை ஆராய்ச்சிக்கு உரிய பொருளன்று எனக் கருதுவோர் நம்முள் பலர். ஆயின் தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டினை எண்ணத் தொடங்கியபோது நகையையே முதற்கண் வைத்தார். அந்நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின் அடியாகத் தோன்றும் எனவும் வகுத்தார். செய்யுளியலில் வசைக்கும் இடங்கொடுத்து, அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பகுத்தார். வெளிப்படையாகப் பழிப்பது முன்னையது. பழியை மறைத்து மொழிவது பின்னையது. சிரிப்பு எதன்கண் பிறக்கின்றது, எவரை நோக்கிச் செல்கின்றது என்னும் இரு வினாக்கள் இப்பாகுபாட்டினுள் அடங்கிக் கிடக்கின்றன. இன்று இணையத்தில் நாள்தோறும் உலவும் மீம் என்னும் நகைப்படங்களை மதிப்பிடுவதற்கும் இவ்வினாக்கள் பெரிதும் பயன்படும். சிறப்பாக, பெண்களிடத்து முறைதவறி நடந்தனர் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட அரசியல்வாதிகளை அப்படங்கள் எவ்வாறு காட்டுகின்றன என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மீம் என்னும் சொல்லை ஆக்கியவர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்னும் ஆங்கிலேய உயிரியல் அறிஞர். 1976இல் வெளிவந்த 'த செல்ஃபிஷ் ஜீன்' என்னும் நூலில், போலச் செய்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லைச் சுருக்கி அவர் இதனை அமைத்தார். மரபணு உடல்தோறும் பெருகுவது போலக் கருத்தும் உள்ளந்தோறும் படியெடுக்கப்பட்டுப் பெருகும் என்பது அவர் கூற்று. இணையத்தார் அச்சொல்லை எடுத்து, ஒரு படமும் சில சொற்களும் சேர்ந்த நகைத்துணுக்குக்குப் பெயராக்கினர். அதற்குப் பெரும்பாலும் ஆசிரியர் பெயரில்லை. வேண்டியவர் வேண்டியவாறு அதனை மாற்றலாம். படம் அப்படியே நிற்க, சொல் மட்டும் நூறு வகையாக வேறுபடும்.

இவ்வமைப்பிலேயே இடர் ஒன்று உண்டு. குற்றச்சாட்டு என்பது ஒரு நிகழ்ச்சியைப் பற்றியது. இன்னார், இன்ன நாளில், இன்னாரிடத்து, இன்னது செய்தார் என்பதே அதன் வடிவம். மீமோ நிகழ்ச்சியை எடுத்து இயல்பாக மாற்றிவிடுகின்றது. "இவர் இது செய்தாரா?" என்னும் வினா மறைந்து, "இவர் இப்படிப்பட்டவர்" என்னும் சித்திரம் எஞ்சுகின்றது. செயலுக்கு ஒருவர் விடை கூறல் வேண்டும். இயல்புக்கோ எவரும் விடை கேட்பதில்லை. கண்டு சிரித்து அப்பாற் செல்வர். இம்மாற்றத்தில் முதலில் மறைந்துபோகிறவள் குற்றஞ்சாட்டிய பெண்ணே. இக்கருத்தை ஐக்கிய அமெரிக்க நாடுகளின் அரசியலிலிருந்து சில சான்றுகள் கொண்டு விளக்குவோம். அங்கு இருபெருங் கட்சியினரும் இத்தகைய குற்றச்சாட்டுக்கு ஆளாகியுள்ளமையின், ஒரு பக்கஞ் சாராது நோக்குதல் எளிது.

மீம் என்னும் வழக்குப் பரவுமுன்னரே இதன் முன்னோடி தோன்றிவிட்டது. 1998 ஜனவரியில் ஜனாதிபதி பில் கிளின்டனுக்கும் மொனிக்கா லெவின்ஸ்கி என்னும் இளம்பெண்ணுக்கும் இருந்த உறவு பற்றிய செய்தியை முதலில் வெளியிட்டது ஓர் இணையத்தளமே. நாட்டின் தலைவருக்கும் அவர் மாளிகையிற் பயிற்சிக்கு வந்த இருபத்திரண்டு வயதினளுக்கும் இடையே அதிகாரத்தில் இருந்த ஏற்றத்தாழ்வு பற்றி அந்நாளில் அங்கதம் செய்தோர் பலர் சிந்தித்திலர். அவளுடைய நீலநிற உடையும் தொப்பியுமே நகைப்பொருளாயின. 1999 பெப்ரவரியில் செனற் சபை கிளின்டனைக் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தது. அப்பெண்ணை நகைப்பு விடுவித்திலது. 2015இல் அவர் மேடையேறிப் பேசியபோது, இணையத்தின் வழி உலகளாவிய முறையில் நொடிப்பொழுதில் நற்பெயரை இழந்தவருள் தாமே முதல்வர் என்று கூறினார்.

அடுத்து, 2016ஆம் ஆண்டுத் தேர்தலை நோக்குவோம். அவ்வாண்டு ஒக்டோபர் 7ஆம் நாள் 'வொஷிங்டன் போஸ்ட்' பத்திரிகை, 2005இல் ஒலிப்பதிவான டொனால்ட் ட்ரம்பின் பேச்சொன்றை வெளியிட்டது. பெண்களை அவர்தம் இசைவின்றித் தீண்டுதல் பற்றி அவர் அதிற் பெருமையாகப் பேசியிருந்தார். அதனை ஆடவர் உடைமாற்றும் அறைப் பேச்சு எனக் கூறி அவர் மன்னிப்புக் கேட்டார். இரண்டு நாள் கழித்து செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த விவாதத்தில், அப்பேச்சுப் பற்றி அவரிடம் நேரே வினவப்பட்டது. அவ்விவாதத்தை அடுத்து இணையத்தை நிறைத்த படங்கள் எவை? எரிசக்திக் கொள்கை பற்றி வினா எழுப்பிய, சிவப்புக் கம்பளிச் சட்டை அணிந்த பார்வையாளர் ஒருவரின் படம் ஒன்று. மற்றொன்று, ட்ரம்பும் ஹிலரி கிளின்டனும் ஒலிவாங்கியைக் கையிற் பிடித்து நின்ற காட்சியோடு, 1987ஆம் ஆண்டுத் திரைப்படமொன்றின் காதற்பாட்டை இணைத்து ஒல்லாந்துத் தொலைக்காட்சி அங்கதக்காரர் ஒருவர் ஆக்கிய படத்துணுக்கு. அத்துணுக்கு மிகத் திறமையாக அமைந்தது என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும், பெண்களைத் தீண்டியதாகப் பெருமை பேசியவரைக் கேள்வி கேட்ட மேடை, அதன்கண் காதல் மேடையாக மாறிவிட்டது. நகை பிறந்தது, நகைக்குரிய காரணம் கரைந்தது.

ஆயின் அதே பேச்சிலிருந்து வேறொரு வகை அங்கதமும் எழுந்தது. ட்ரம்ப் கூறிய இழிசொல் ஆங்கிலத்திற் பூனைக்கும் பெயர். பெண்கள் அச்சொல்லையே கைப்பற்றிச் சீறும் பூனையின் படத்தை இணையத்திற் பரப்பினர். 2017 ஜனவரி 21ஆம் நாள் வொஷிங்டனிலும் பிற நகரங்களிலும் நடந்த பெண்கள் பேரணியில், பூனைச் செவி வைத்துப் பின்னிய இளஞ்சிவப்புத் தொப்பிகள் பெருந்தொகையாகக் காணப்பட்டன. ஈண்டுச் சிரிப்பு யாரை நோக்கிச் சென்றது என்பதில் ஐயமில்லை. இகழப்பட்டோர் இகழ்ந்தவரின் சொல்லைத் திருப்பி அவர்மேல் எய்தனர். இது செம்பொருள் அங்கதத்தின் பாற்படும். படத்தில் ஆடவர் உருவம் இல்லை. பெண்ணின் சினமே முன்னிற்கின்றது. ஆகவே மீம் என்னும் வடிவம் முழுவதும் தீயது என்று தள்ளுதல் பொருந்தாது.

மூன்றாவது சான்று ஜோ பைடன் பற்றியது. இதனைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். அவர் உப ஜனாதிபதியாக இருந்த காலத்தில் 'தி ஒனியன்' என்னும் அங்கத ஏடு அவரை ஒரு கற்பனைப் பாத்திரமாக்கிற்று. 2009இல் வெளிவந்த ஒரு துணுக்கில், அவர் வெள்ளை மாளிகை முற்றத்தில் மேற்சட்டையின்றி நின்று தம் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். பெண்கள் பின்னே திரியும் விளையாட்டுத்தனமான மாமன் என்னும் உருவம் அவ்வாறு நிலைபெற்றது. 2016 நவம்பரில் ட்ரம்ப் வெற்றி பெற்றதும், ஒபாமாவிடம் குறும்புத் திட்டங்கள் கூறும் சிறுபிள்ளையாக அவரைக் காட்டும் மீம்கள் பெருகின.

2019 மார்ச்சில் நெவாடா மாநிலத்தைச் சேர்ந்த லூசி ஃபுளோரெஸ் என்னும் அரசியலார், 2014இல் ஒரு தேர்தல் மேடைக்குச் செல்லுமுன் பைடன் தம் பின்னே வந்து கூந்தலை முகர்ந்து தலையில் முத்தமிட்டார் என எழுதினார். வேறு பெண்கள் சிலரும் தம் அனுபவங்களைக் கூறினர். ஏப்ரல் 3ஆம் நாள் பைடன் ஒரு காணொளியில், மக்கள் பழகும் முறைகள் மாறிவிட்டமையைத் தாம் உணர்வதாகவும் இனிக் கவனமாயிருப்பதாகவும் கூறினார். மறுநாள் ஜனாதிபதி ட்ரம்ப், அக்காணொளியைத் திரித்த ஒரு மீமைத் தம் பக்கத்தில் வெளியிட்டார். பேசிக்கொண்டிருக்கும் பைடனின் பின்னே மற்றொரு பைடன் தோன்றி, முன்னிருப்பவரின் தோள்களைப் பிடிக்கிறார். இதனை வெளியிட்டவரும் 2016இல் பல பெண்களின் குற்றச்சாட்டுகளுக்கு ஆளாகி, அவற்றை மறுத்தவர் என்பது கருதத்தக்கது. அதனினும் கருதத்தக்கது படத்தின் அமைப்பு. தீண்டுபவரும் பைடன், தீண்டப்படுபவரும் பைடன். குற்றஞ்சாட்டிய பெண்ணுக்கு அதில் இடமே இல்லை.

அதற்கு அடுத்த நாள், தொழிற்சங்கக் கூட்டமொன்றில் சங்கத் தலைவரைத் தழுவிய பைடன், தழுவுதற்குத் தாம் அனுமதி பெற்றுவிட்டதாகக் கூறினார், அவை சிரித்தது. எவருடைய மனவருத்தத்தையும் எளிதாகக் கொள்ளும் எண்ணம் தமக்கில்லை எனப் பின்னர் அவர் விளக்கினார். எள்ளல் இருவகைப்படும் எனப் பேராசிரியர் உரைப்பர்: பிறரைத் தான் எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தானும் நகுதல் மற்றொன்று. ட்ரம்ப் முன்னதைச் செய்தார். பைடன் பின்னதைச் செய்தார். பகைவர் இருவரும் எதிரெதிர்த் திசையிற் சென்று ஓரிடத்திலேயே சேர்ந்தனர். அவ்விடத்தில் ஃபுளோரெஸ் எழுப்பிய வினா சிரிப்பினுள் மூழ்கிற்று.

இவ்வழக்கின் மறுபக்கத்தையும் கூறாதுவிடின் நடுவுநிலை தவறியதாகும். பைடனைப் பழித்த மீம்களில் மிகப் பரவிய படமொன்று, 2015 பெப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சர் ஆஷ் கார்ட்டர் பதவியேற்ற நாளில் எடுக்கப்பட்டது. அமைச்சரின் மனைவியின் பின்னே நின்று, அவர் தோள்மேல் கைவைத்துக் காதருகே பைடன் குனிந்திருப்பதை அது காட்டும். 2019இல் ஃபுளோரெஸின் கட்டுரை வெளிவந்த சில நாளில் அம்மனைவியார் தாமே எழுதினார். அன்று தாம் பனியில் வழுக்கி விழுந்து மனக்கலக்கமுற்றிருந்ததாகவும், பைடன் நட்பு முறையில் ஆறுதல் அளித்ததாகவும், ஓடும் காட்சியிலிருந்து ஒரு கணத்தைப் பிரித்தெடுத்தமையால் பொருள் திரிந்ததாகவும் அவர் விளக்கினார். ஃபுளோரெஸ் தம் அனுபவத்தைக் கூறும் உரிமையை அவர் மறுத்திலர். அது தம் கதையன்று என்றார். நான்கு ஆண்டுகள் உலகஞ் சிரித்த படத்தில் இருந்தவரை எவரும் வினவவில்லை. ஆகவே மீம் உண்மைக் குற்றச்சாட்டைக் கரைப்பது போலவே, இல்லாத குற்றத்தை ஆக்கவும் வல்லது. இரண்டிடத்தும் நிகழ்வது ஒன்றே: பெண்ணின் வாய்மொழிக்குப் பதிலாகப் படம் பேசுகின்றது.

செனற் உறுப்பினர் அல் ஃபிராங்கனின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். அவர் அரசியலுக்கு வருமுன் புகழ்பெற்ற நகைச்சுவையாளர். 2006இல் படையினரை மகிழ்விக்கும் பயணத்தின்போது, உறங்கும் பெண்ணொருவரின் மார்பை நோக்கிக் கைநீட்டி, ஒளிப்படக் கருவியைப் பார்த்து அவர் சிரிக்கும் படம் 2017 நவம்பரில் வெளிவந்தது. அது நகைக்காக எடுக்கப்பட்டதாயினும் நகைப்புக்குரியதாக அமையவில்லை, தாம் அதனைச் செய்திருத்தல் ஆகாது என அவர் கூறினார். மீம் என்னும் பெயரின்றி மீமின் இலக்கணம் முழுவதும் அமைந்த படம் அது: ஆடவன் நடிகன், பார்ப்போர் அவையோர், உறங்குபவள் அரங்கப் பொருள். வேறு பெண்கள் சிலரும் குற்றஞ்சாட்டவே அவர் 2018 ஜனவரியிற் பதவி துறந்தார். அவரே வேண்டிய ஒழுக்க விசாரணை முடிவு காணாது நின்றது. அதனால் குற்றஞ்சாட்டினோர்க்கும் முழு விடை கிடைத்திலது. குற்றஞ்சாட்டப்பட்டவர்க்கும் முழு விடை கிடைத்திலது.

இனி, விடை கிடைத்த ஓரிடத்தையும் காட்டுவோம். 2023 மே மாதம் நியூயோர்க் நகரில், எழுத்தாளர் ஈ. ஜீன் கரோல் தொடுத்த சிவில் வழக்கில், ட்ரம்ப் பாலியல் வன்செயலுக்கும் அவதூறுக்கும் பொறுப்பாளர் எனச் சான்றாயர் முடிவு செய்து 50 இலட்சம் டொலர் இழப்பீடு விதித்தனர். ட்ரம்ப் குற்றச்சாட்டை மறுத்தார். முன்னர்க் கூறிய 2005ஆம் ஆண்டுப் பேச்சு அவ்வழக்கிலும் சான்றாயருக்குக் காட்டப்பட்டது. இணையத்திற் காதற்பாட்டாகவும் பூனையாகவும் உருமாறிய அதே பேச்சு, அங்கே சான்றாக நின்றது. அங்குப் பெண் பேசினார், குறுக்கு வினாவுக்கும் விடை கூறினார், எவரும் சிரித்திலர்.

மீம் நீதிமன்றமாதல் வேண்டும் என்று நாம் கூறவில்லை. வலியோரை எளியோர் எள்ளுதல் பழைய உரிமை. அதனைப் பறித்தல் தகாது. ஆயின் 'தி ஒனியன்' ஏட்டில் பைடன் பாத்திரத்தை ஆக்கியோருள் ஒருவரான ஜோ கார்டன், அவரை ஒரு மீமாக்குவதற்குத் தாம் துணைபோனமைக்கு வருந்துவதாக 2019இல் ஒரு கட்டுரை எழுதினார். நகைத் தொழிலில் வல்லவரே இங்ஙனம் வருந்துவாராயின், ஒரு படத்தைக் கண்டவுடன் பிறர்க்கு அனுப்பும் நாம் ஒருகணம் நின்று சிந்தித்தல் கடனாகும். இச்சிரிப்பு யாரை நோக்குகின்றது? இப்படத்திலிருந்து வெட்டி நீக்கப்பட்டவர் யார்? அவர் தாமே யாதேனும் கூறியுள்ளாரா? இம்மூன்றையும் வினவிய பின்னும் சிரிக்க முடியுமாயின் அது நல்ல அங்கதம். மாணவர் இவ்வினாக்களைத் தம் கைப்பேசியோடு உடன்கொண்டு செல்வாராக.