பாட்டி விட்டுச்சென்ற கடை: பாப்பம்மாள் அஞ்சலிகளை முன்வைத்து

2024 செப்டம்பர் 27 அன்று தேக்கம்பட்டி பாப்பம்மாள் இறந்தார். அடுத்த சில நாட்களில் என் கண்ணில் பட்ட அஞ்சலிக் குறிப்புகளைப் பொம்மிடியில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெற்றிலையை அடுக்கிக் கவுளி கட்டிக்கொண்டே அம்மா கேட்டாள். அவரது வயது, சாப்பாடு, விடிகாலையில் எழுந்து வயலுக்குப் போகும் வழக்கம், பிரதமர் அவரை வணங்கிய படம் என்று ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் முடிந்த பிறகு அம்மா ஒன்றுதான் கேட்டாள்: "நெலம் அந்தம்மா பேர்லயே இருந்துச்சா?"

இருந்தது. பல குறிப்புகளில் அது ஒரே வரியில் கடந்து போயிருந்தது. நான் நிறுத்திப் படிக்காத வரி அது. அம்மா கேட்ட பிறகுதான் அந்த அஞ்சலிகளை மறுபடி வாசித்தேன்.

ரங்கம்மாள் என்ற பாப்பம்மாள் 1914இல் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் பாட்டியிடம் வளர்ந்தார். பாட்டி நடத்திய கடை பின்னால் அவர் கைக்கு வந்தது. அந்த வியாபாரத்தில் மிச்சம் பிடித்துத்தான் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார். முதுமையில் இரண்டரை ஏக்கரை வைத்துக்கொண்டு ரசாயனம் இல்லாமல் பயிர் செய்தார். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விவாதங்களில் கலந்துகொண்டார். உள்ளாட்சித் தேர்தலில் நின்று வென்றார். திமுகவில் நெடுநாள் உறுப்பினராக இருந்தார். 2021இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அவர் நூறு வயதைத் தாண்டியிருந்தார்.

இந்த வாழ்க்கையில் அஞ்சலிகள் விரித்து எழுதியது எதை, சுருக்கியது எதை? உடம்பை விரித்தன. என்ன சாப்பிட்டார், எப்படி இவ்வளவு காலம் நடமாடினார் என்பதற்குப் பத்தி பத்தியாக இடம் கிடைத்தது. கடையும் கணக்கும் கிரயமும் சுருங்கின. நூறைத் தாண்டிய ஒருவரின் வயதைக் கண்டு வியப்பதில் தவறில்லை, நானும் வியந்தேன். ஆனால் 2013 டிசம்பர் 30 அன்று நம்மாழ்வார் இறந்தபோது நான் வாசித்த அஞ்சலிகளை நினைத்துப் பார்க்கிறேன். அவர் அரசு வேலையை ஏன் விட்டார், பசுமைப் புரட்சியை எப்படி விமர்சித்தார், மீத்தேன் திட்டத்தை ஏன் எதிர்த்தார் என்று அவரது சிந்தனையைப் பேசின அவை. அவர் 'ஐயா' ஆனார், 'விஞ்ஞானி' ஆனார். பாப்பம்மாள் 'பாட்டி' ஆனார். ஐயாவிடம் கருத்தைக் கேட்டவர்கள் பாட்டியிடம் ஆரோக்கிய ரகசியத்தைக் கேட்டார்கள்.

அவரைப் பாட்டி என்று கொண்டாடியவர்கள் அவருடைய பாட்டியை மறந்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு மூதாட்டி தன் கடையைப் பேத்தியிடம் விட்டுப் போகிறார். பேத்தி அதை நிலமாக மாற்றுகிறாள். அப்பன், கணவன், மகன் என்ற வரிசையில் வராத சொத்து இது. பாப்பம்மாள் விவசாயி ஆனதற்கு மண்மீது கொண்ட பாசம் மட்டும் காரணமில்லை. பாசம் இருக்கிற பெண்கள் ஊருக்கு ஊர் வேறொருவர் பெயரிலுள்ள நிலத்தில் குனிந்து கிடக்கிறார்கள். அவருக்குக் கையில் காசு இருந்தது. அந்தக் காசு ஒரு பெண்ணிடமிருந்து வந்தது.

இரண்டு அரசியல் தரப்புகளும் அவரைக் கொண்டாடின. 2023 மார்ச்சில் டெல்லியில் நடந்த உலகச் சிறுதானிய மாநாட்டில் பிரதமர் அவரை வணங்கினார். 2024இல் திமுக தன் முப்பெரும் விழாவில் பெரியார் விருதுக்கு அவரைத் தேர்ந்தெடுத்தது. இரண்டும் அவருக்குத் தகும். ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் நில உடைமைகளில் சுமார் 14 விழுக்காடுதான் பெண்கள் நடத்துபவை. 'உழவர்' என்று சொல்லித் தரப்படும் 6,000 ரூபாய் ஆண்டு உதவித்தொகைக்கும் நிலம் யார் பெயரில் என்பதே முதல் கேள்வி. விதைக்கிற கையை அந்தப் படிவம் கேட்பதில்லை.

என் அம்மாவும் அந்தப் படிவத்தில் வராதவள். கொடிக்காலில் கொடி கட்டுவது, இலை கிள்ளுவது, அடுக்குவது எல்லாம் முப்பது வருடமாக அவள் வேலை. அப்பா இறந்தபோது ஊரில் வைத்த கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் 'விவசாயி' என்று போட்டிருந்தது. அவர் உழைத்தவர்தான், அந்தச் சொல்லுக்கு உரியவர்தான். ஆனால் அதே தோட்டத்தில் அவரோடு நின்ற அம்மா எந்தக் காகிதத்திலும் இல்லத்தரசிதான். நாளை அவளுக்கு வைக்கும் பதாகையில் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். 'அன்பே உருவான' என்று தொடங்கும்.

இப்போது வீட்டில் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வைத்திருக்கிறார்கள். அம்மாவும் நானும் தங்கையும் கையெழுத்துப் போட்டால் நிலம் முழுவதும் அண்ணன் பெயருக்குப் போய்விடும். 1989இலேயே தமிழ்நாடு பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு தந்தது; 2005இல் நாடு முழுவதும் அது சட்டமானது. இறந்தவரின் மனைவிக்கும் பங்கு உண்டு. சட்டம் தந்ததைத்தான் 'பொறந்த வீட்டோட பகை வேணாம்' என்ற ஒரு வார்த்தை திரும்ப வாங்கிக்கொள்கிறது. அண்ணன் கெட்டவன் இல்லை. கேட்டால் கிடைக்கும் என்று பழகியவன், அவ்வளவுதான்.

பாப்பம்மாளைப் பற்றி மாணவிகளிடம் பேச நேரும்போது இனி அவரது சாப்பாட்டிலிருந்து தொடங்க மாட்டேன். கடையிலிருந்து தொடங்குவேன்: யார் விட்டுச் சென்றது, எவ்வளவு மிஞ்சியது, கிரயம் யார் பெயரில் நடந்தது. ஒரு பெண் உழவரின் வாழ்க்கையை எழுத வருபவர் முதலில் கேட்க வேண்டியவை இவைதான்.

அன்று வாசித்து முடித்ததும் அம்மா கட்டிய கவுளியை ஓரமாக வைத்தாள். "நீ கையெழுத்துப் போட்டுட்டியா?" என்றாள்.

"இல்லம்மா."

"நானும் இன்னும் போடல."