அகழியைத் தேடும் கண்

மிருகக்காட்சிசாலைக்குச் செல்வோரில் பெரும்பாலோர் மிருகத்தைக் கண்டதும் பலகையிலுள்ள பெயரை வாசித்துவிட்டு அடுத்ததற்கு விரைகிறார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஸ்டெல்லிங்கன் பகுதியில், 1907-ஆம் ஆண்டு கார்ல் ஹாகன்பெக் திறந்த தோட்டத்தில் அவ்வாறு விரைகிறவர் அதன் விசேஷத்தில் பாதியைக் காணாமலே திரும்புவார்.

ஆப்பிரிக்கக் காட்சியின் எதிரே குளக்கரையில் நில்லுங்கள். நீரில் ஒற்றைக்காலூன்றிய பூநாரைகளும், அவற்றுக்கப்பால் புல்வெளியில் மேயும் வரிக்குதிரைகளும், அதற்கும் அப்பால் பாறையிடுக்கில் சிங்கங்களும், எல்லாவற்றுக்கும் மேலே செங்குத்தான குன்றில் காட்டாடுகளுமாக, ஒரே வனத்தில் பகை மறந்து வாழ்வன போன்ற தோற்றம், இடையில் ஒரு கம்பியும் தென்படாமல் அடுக்கடுக்காய் விரியும்.

பிரமிப்பு அடங்கியபின் பிராணிகளை விட்டுத் தரையைக் கவனியுங்கள். மேடு எங்கே முடிகிறது, புதர் எங்கே காரணமின்றி அடர்ந்திருக்கிறது, புல்லின் பசுமை எவ்விடத்தில் சட்டென்று அறுபடுகிறது என்று நோக்கினால், அகழிகள் ஒளிந்திருக்கும் இடங்கள் தாமே புலப்படும். சிங்கம் புலி முதலியவை எவ்வளவு தாவவல்லவை என்பதைச் சோதித்தறிந்து, அதற்கு மிஞ்சிய அளவில் வெட்டி, நம் பார்வைக்குத் தப்புமாறு மறைத்தவை அவை. இத்தகைய காட்சியமைப்புக்கு ஹாகன்பெக் 1896-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். குன்றுகளும் இயற்கையின் சிருஷ்டியல்ல. சுவிட்சர்லாந்துச் சிற்பி உர்ஸ் எக்கன்ஷ்வைலரின் கைத்திறன். ஆடு குளம்பூன்றும் விளிம்புகளைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள்: மலை என்னும் தோற்றம் நமக்காக ஏற்பட்டது, கால்வைக்கும் அந்த ஒடுங்கிய திட்டு ஆட்டுக்குப் பயன்படுவது.

இவ்விரண்டையும் பிரித்தறிவதே இங்கு உயர்ந்த ரசனை என்பேன். உலவ இடமிருந்தால் வெப்பநாட்டுப் பிராணிகளும் குளிரைத் தாங்கும் என்பது ஹாகன்பெக்கின் துணிபு. அதனால் அவற்றுக்குத் திறந்தவெளி கிட்டியது பெரும் நன்மைதான். ஆயினும் 1870-களின் நடுப்பகுதி முதல் தூரதேசத்து மனிதர்களையே காட்சிப்பொருளாக்கிக் காசு பார்த்தவரும் அவரே. இலங்கையிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களும் அவர்களில் உண்டு என்பதை நினைக்கையில் நெஞ்சு கொதிக்கிறது. காட்சியின் அழகு அதை நாம் மறப்பதற்குக் காரணமாகக் கூடாது.

ஆகவே, சிங்கத்தின் எதிரே நிதானமாக உட்காருங்கள். வெயில் நகர நகர அது தானே இடம் மாற்றிக்கொள்கிறதா, பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பி ஒதுங்க அதற்கு நிழலுண்டா, அல்லது ஒரே தடத்தில் போய்ப்போய்த் திரும்புகிறதா என்று பாருங்கள். புல் தேய்ந்து மண் தெரியும் தடம் ஒன்று இருக்குமானால், காட்சி எவ்வளவு மனோகரமாயிருப்பினும், அந்த இடம் அதற்குப் போதவில்லை.